பொத்தானில் அடங்காத தமிழ்

சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த என் அன்னையார், மருத்துவரைக் காணச் செய்திருந்த முன்பதிவை உறுதி செய்வதற்குக் கைப்பேசியை எடுத்தார். திரையின் மொழி தமிழே. ஆயினும் இரண்டு பொத்தான்களிலும் ‘முன்பதிவை…’ என்ற அளவே தெரிந்தது. ஒன்று ‘முன்பதிவை உறுதி செய்க’; மற்றொன்று ‘முன்பதிவை நீக்குக’. இடம் போதாமையால் இரண்டும் பாதியில் அறுந்து நின்றன. அவர் அழுத்தியது இரண்டாவதை. பல நாள் காத்துப் பெற்ற முறை பறிபோயிற்று. “எனக்குப் படிப்புப் போதவில்லையப்பா” என்று தம்மையே நொந்துகொண்டார்.

குற்றம் அவருடையதன்று, திரையை வரைந்தவருடையது. நானும் அத்தொழிலினன். அன்றிரவு என் வரைவுகளைத் திறந்து பார்த்தேன். அவற்றிலும் ஆங்கிலச் சொல்லுக்கென அளந்த கட்டங்களில் தமிழ்ச் சொற்கள் நெருக்குண்டு கிடந்தன!

நம் இல்லத்து இளைஞரும் நங்கையரும் பலர் இன்று இப்பணியில் உள்ளனர். அவர்கள் பெரிதும் கையாளும் கருவி ஃபிக்மா. டிலன் ஃபீல்டு, இவான் வாலஸ் ஆகிய இருவர் 2012-ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனத்தின் ஆக்கம் அது. இணைய உலாவியிலேயே இயங்குவது. அதனைக் கையாள்வோர்க்குப் பயன்படும் சில முறைகளை இங்கே கூறுவேன்.

முதலாவது, பொத்தானுக்குக் கட்டம் வரைந்து அதன்மேல் எழுத்தை ஒட்டுதல் கூடாது. சொல்லை முதலில் எழுதித் தெரிவு செய்து, ஷிஃப்ட் விசையுடன் ‘ஏ’ விசையை அழுத்துக. ஆட்டோ லேஅவுட் என்னும் சட்டம் அதனைச் சூழ்ந்து அமையும். அகலத்தை ‘ஹக்’ நிலையில் வைத்தால் சொல் நீளப் பொத்தானும் நீளும். நீண்ட பொத்தான்களைப் பக்கம் பக்கமாக நெருக்காமல், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குக.

இரண்டாவது, வேறுபடுத்தும் சொல் முன்னே நிற்கட்டும். ‘உறுதி செய்க’, ‘நீக்குக’ என்றிருந்தால் குழப்பத்துக்கு இடமேது? வரைவின் தொடக்கத்திலேயே உண்மையான தமிழ்ச் சொற்களை இடுவதும் இன்றியமையாதது.

மூன்றாவது, செம்மையாக அமைந்த பொத்தானைக் கன்ட்ரோல், ஆல்ட், ‘கே’ ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்திக் காம்போனென்ட் ஆக்கிக்கொள்க. மூலத்தைத் திருத்தினால் அதன் படிகள் அனைத்தும் திருந்தும். நூறு திரைகளில் தனித்தனியே திருத்தும் இடர் நீங்கும்.

நான்காவது, எழுத்து. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிந்த எழுத்துருவைக் கொள்க. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் விலங்கும், கீழே சுழியும் உண்டு. ஆதலின் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுக. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாது. தொடும் இடம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 48 அலகு உயரமேனும் இருத்தல் வேண்டும்.

இறுதியாக, புரோட்டோடைப் பகுதியில் பொத்தானிலிருந்து அடுத்த திரைக்குக் கோடிழுத்து இணைத்து, ஃபிக்மாவின் கைப்பேசிச் செயலியில் திறந்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்துவிடுக. விளக்கம் ஏதும் கூறற்க. விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே நம் பிழை இருக்கிறது.

அந்தத் திரையை நான் இம்முறையில் புதிதாக வரைந்து அன்னையாரிடம் நீட்டினேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, சரியான பொத்தானை அழுத்திவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார்.