உங்களுக்குத் தெரியுமா? ஸ்னோமொபைல் கெடுவது கோடையில்தான்!

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் பனி விழத் தொடங்கியதும் பனிமேல் ஓடும் வண்டிகளான பழைய கார்புரேட்டர் ஸ்னோமொபைல்கள் அடம்பிடிப்பது வழக்கம். சோக் இழுத்தால் கிளம்பும். சோக்கை விட்டால் அணையும். த்ராட்டிலை அழுத்திப் பிடித்தால் ஒழுங்காக ஓடும். பழி குளிரின் மேல் விழுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, கூடுதல் பெட்ரோல் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் சூடேறிய பிறகும் ஐடிலில் (த்ராட்டிலை அழுத்தாதபோது) ஓடவில்லை என்றால் அந்த வாதம் செல்லாது. கோடை முழுக்க கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படிந்திருக்கும். ஐடிலுக்கு எரிபொருள் தரும் பைலட் ஜெட்டின் துளை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். முதலில் அடைபடுவது அதுதான். வேகமாக ஓடும்போது எரிபொருள் தரும் மெயின் ஜெட் பெரியது, அதனால் வேகத்தில் குறை தெரிவதில்லை.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகினால் போதாதா? எஞ்சின் நிற்காமல் ஓடலாம், அடைப்பு அப்படியே இருக்கும். அளவு மீறித் திருகினால் கிளட்ச் பெல்ட்டைப் பற்றி, வண்டி தானாக நகரும் ஆபத்தும் உண்டு. பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றினோமே என்பார்கள். ஊற்றியபின் சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால்தான் அது கார்புரேட்டரை எட்டும். ஜெட்டைக் கழற்றி, கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்வதே வழி. கம்பி விட்டால் மென்மையான பித்தளையில் துளை பெரிதாகிவிடும் (அவசரக்காரர்கள் செய்வது இதைத்தான்). அதன்பிறகும் ஐடில் ஏறி இறங்கினால், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.