உப்பங்கழி ஓரம் – 9: நண்டின் பந்தி

சுத்துக்கேணி வரப்பில் நடந்தால் காலடிக்குக் காலடி நண்டு வளை. நாற்றைக் கத்தரித்துப் போடும் அந்த வயல் நண்டுக்கு யாரும் தீனி வைப்பதில்லை. பிடித்தால் ரசம், அவ்வளவுதான். 'நண்டு கொழுத்தால் வளையில் தங்காது' என்று வேறு ஒரு பழமொழி. ஆனால் கொழுத்தால்தான் விலைபோகும் நண்டும் ஒன்று உண்டு. இங்கே நல்ல தண்ணீராக ஓடி, வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கும் பங்கு கொடுக்கும் சங்கராபரணி, கடலைத் தொடும் கழிமுகத்தில் உப்பேறுகிறதல்லவா? சேற்று நண்டின் சீமை அதுதான்.

சேற்று நண்டில் ஓர் இனத்துக்குத் தரங்கம்பாடியின் பெயர். 1798இல் டென்மார்க் அறிஞர் ஃபாப்ரிசியஸ் சூட்டிய 'டிராங்குபாரிக்கா' இன்றும் நிற்கிறது. அதே கரையில், சீர்காழியை அடுத்த தொடுவாயில், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நண்டுக் குஞ்சு பொரிக்கிறது. குஞ்சுக்கு வழி பிறந்துவிட்டது. சோற்றுக்கு?

இன்றுவரை பெரும்பாலும் சங்காயம்தான், அதாவது வலையில் சேர்ந்து வரும் விலைபோகாத பொடிமீன். கொழுக்க வைக்கும் மூன்று நான்கு வாரமும், தினம் நண்டின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு மீன் வேண்டும். நூறு கிலோ நண்டு என்றால் நாளுக்கு 5 முதல் 10 கிலோ. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்தால் எங்கே போவது? நண்டு காத்திருக்காது; ஓடு கழற்றி மெத்தென்று கிடக்கும் பக்கத்து நண்டைத் தின்றுவிடும்.

சரி, ஆலைத் தீவனம் செய்துவிடலாமே என்றால், சத்துக் கணக்கு அத்தனை கடினமில்லை. பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வில், நூற்றுக்கு 32 முதல் 40 பங்கு புரதம் கொடுத்த இளம் நண்டுகள் நன்றாக வளர்ந்தன. கொலஸ்டிராலை நண்டின் உடல் தானே செய்துகொள்ளாது; நம் மருத்துவர்கள் விரட்டும் அந்தக் கொழுப்பை அதற்கு நாம்தான் ஊட்ட வேண்டும், நூற்றில் அரைப் பங்கு போல. சிக்கல் பந்தியில் இருக்கிறது. மீன் லபக்கென்று விழுங்கும். நண்டோ கொடுக்கால் பிடித்து, வாயருகே கொண்டுபோய், பிய்த்துப் பிய்த்து, சாவகாசமாகத் தின்னும். அதற்குள் தீவனக் குச்சி ஊறி உதிர்ந்தால், பாதி காசு குளத்தடியில் சேறாகும், தண்ணீரும் கெடும். அதனால் பிடிக்கத் தோதான அளவு வேண்டும், கோதுமைப் பசையம் போன்ற பிணைப்பு வேண்டும், இருட்டிலும் கலங்கலிலும் தேடி வர கணவாய்த் தூள் மாதிரி வாசனையும் வேண்டும்.

சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட நண்டுத் தீவன ஆய்வின் தலைப்பிலேயே, மதிப்பீட்டுக்கு முன்னால் 'வழங்கும் முறை' வந்து நிற்கிறது. சரியான வரிசை என்பேன்.

இறால் தீவனத்தையே நண்டுக்கும் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூட்டை வாங்குமுன் நாலு குச்சியை ஒரு தம்ளர் உப்புத் தண்ணீரில் போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து விரலால் எடுங்கள். மாவாகக் கையோடு வந்தால், அந்த மூட்டை வேண்டாம்.