இணையம் தளர்ந்தால் எங்கே குறை தேடுவது?

சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் ஓய்வு நாளில் கைபேசி வழியாக முகம் பார்த்துப் பேசுவது, இன்று தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றிலும் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு பேசும்போது படம் அசையாது நிற்பதும், குரல் துண்டு துண்டாக ஒலிப்பதும், பிறகு தொடர்பே அறுந்துபோவதும் உண்டு. உடனே, "லைன் மெதுவாக இருக்கிறது, இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறிவிடலாம்" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகின்றனர். சிங்கப்பூரில் இத்திட்டங்கள் பெரும்பாலும் ஈராண்டு ஒப்பந்தமாக விற்கப்படுகின்றன. குறை எங்கே என்று அறியாமல் ஒப்பமிட்டால், 24 மாதங்கள் கூடுதல் பணம் கட்டியும் பழைய தொல்லையே தொடரக்கூடும். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் இவ்வாறு வீணாகலாமா?

மங்கில் பால் குறைந்தால், அனுபவமுள்ள பால்வெட்டுத் தொழிலாளி உடனே மரத்தைப் பழிப்பதில்லை. வெட்டுக் கோடு சரியாக உள்ளதா, பால் வழியும் தகடு நகர்ந்துவிட்டதா, மங்கு சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். இணையத்துக்கும் இம்முறையே ஏற்றது.

இணையம் வரும் வழி

வீட்டு இணையம் நான்கு கட்டங்களைக் கடந்து நம் கைக்கு வருகிறது. முதலாவது, வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழை வடம். இரண்டாவது, அந்த இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டி. மூன்றாவது, அதனைப் பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர். நான்காவது, ரவுட்டருக்கும் கைபேசிக்கும் இடையே காற்றில் செல்லும் வைஃபை அலை. சில வீடுகளில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பெட்டியாக இருக்கும்.

சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய கண்ணாடி இழைக் கட்டமைப்பு அமைக்கப்பட்டது. இன்று அந்த இழைகள் நெட்லிங்க் டிரஸ்ட் என்னும் அமைப்பின் பொறுப்பில் உள்ளன. பல நிறுவனங்களும் அதே இழை வழியாகத்தான் தங்கள் சேவையை விற்கின்றன. ஆகவே, நிறுவனத்தை மாற்றினாலும் வீட்டுக்குள் வரும் இழை பெரும்பாலும் மாறுவதில்லை. மேலும், முகம் பார்த்துப் பேச நொடிக்குச் சில மெகாபிட் வேகமே போதும். விற்கப்படும் திட்டங்களோ அதனினும் பன்மடங்கு வேகம் கொண்டவை. எனவே, பேச்சு தடைப்படுவதற்குத் திட்டத்தின் வேகம் காரணமாக இருப்பது அரிது.

முதற்சோதனை: விளக்குகள்

பெட்டிகளின் முன்புற விளக்குகளைக் காண்க. ஒளி வந்து சேரவில்லை என்பதைப் பல பெட்டிகள் சிவப்பு விளக்கால் அறிவிக்கும். அவ்வாறாயின், இழை வடம் அலமாரிக்குப் பின்னால் நசுங்கியோ கூர்மையாக வளைந்தோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். வளைவு மிகுந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். வடத்தின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தல் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். நசுங்கலை நீக்கியும் சிவப்பு மறையாவிட்டால் சேவை நிறுவனத்துக்கு அறிவிப்பதே முறை.

சிவப்பு விளக்கு இல்லையெனில், இரு பெட்டிகளின் மின்சாரத்தையும் நிறுத்தி, அரை நிமிடம் கழித்து இழைப் பெட்டியை முதலிலும், அதன் விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரையும் இயக்குக. பின்புறத் துளையில் ஊசியைச் செலுத்தி அழுத்துவது வேறு செயல். அது பெட்டியில் பதிந்துள்ள அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடும்.

இரண்டாவது சோதனை: வடம்

மடிக்கணினி ஒன்றை வடத்தின் மூலம் ரவுட்டரில் நேராக இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அளப்பது நன்று. வடத்தில் வேகம் சரியாக இருந்து, கைபேசியில் மட்டும் குறைந்தால், பழுது காற்று வழியிலோ கைபேசியிலோ உள்ளது. வடத்திலும் இரவில் மட்டும் குறைந்தால், அளவுகளைக் குறித்து நிறுவனத்திடம் முறையிடலாம். வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாமல் நின்றால், வடத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். 1000 மெகாபிட் செல்ல உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும்.

மூன்றாவது சோதனை: சுவரும் காற்றும்

பெரும்பாலான குறைகள் இங்கேதான் உள்ளன. சிங்கப்பூரில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிய வீடுகளில் ஆபத்து வேளைக்கென ஒரு பாதுகாப்பு அறை கட்டப்படுகிறது. பேச்சில் "ஷெல்டர்" எனப்படும் இவ்வறையின் சுவர் கம்பி செறிந்த கனத்த கான்கிரீட், கதவோ எஃகு. சாமான்களோடு ரவுட்டரையும் இதற்குள் வைத்துக் கதவைச் சாத்துவோர் உளர். வைஃபை அலை இச்சுவரைக் கடக்கும்போது பெரிதும் நலிந்துபோகிறது. பெட்டியை வெளியே, வீட்டின் நடுப்பகுதியில், உயரமான திறந்த இடத்தில் வைத்தாலே மாற்றம் தெரியும். இழை வரும் இடம் ஒரு மூலையாயின், நீண்ட வடம் கொண்டு ரவுட்டரை மட்டும் நகர்த்தலாம். பாதுகாப்பு அறையின் சுவரைத் துளையிட விதிகள் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் நிலை வேறு. டன்லப் தெரு போன்ற இடங்களில் கட்டடங்கள் குறுகலாகவும் நீளமாகவும், பக்கச்சுவர் ஒட்டியும் அமைந்துள்ளன. முன்னறையில் வைத்த ரவுட்டரின் அலை பின்னறையை அடைவதற்குள் தளர்ந்துவிடுகிறது. அண்டை வீட்டார், கடைக்காரர் ஆகியோரின் அலைகளும் அங்கே வந்து நெருக்குகின்றன. ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலை நடைபாதையில் விரைந்து நடக்க இயலாதது போன்றதே இது.

வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவுக்குச் செல்லும். ஆயினும் நெரிசல் மிகுந்தது. அதில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றோடொன்று மோதாதவை. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் இயங்குவதால், சமைக்கும் நேரத்தில் தொடர்பு தடுமாறுவதுண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் சுவரைக் கண்டால் சோர்வது. ஆகவே, பெட்டி உள்ள அறையில் 5ஐயும், தொலைவான அறையில் 2.4ஐயும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அறை மிகத் தொலைவாயின், அங்கு வடம் இழுத்து இரண்டாவது வைஃபை கருவியை வைப்பதே உறுதியான தீர்வு.

பெட்டியின் நலம்

அடைத்த அலமாரியில் சூடேறும் பெட்டி அடிக்கடி தானே நின்று எழும். காற்றோட்டம் தருவது அவசியம். மென்பொருளைப் புதுப்பிப்பதும், எளிதில் ஊகிக்க இயலாத கடவுச்சொல்லை வைப்பதும் கடமையாகும். அயலார் நம் இணைப்பில் நுழைந்தாலும் வேகம் குறையும். புதிய பெட்டி வாங்க நேர்ந்தால், இணையப் பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று காண்க. சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டு ரவுட்டர்களுக்கு 2021ஆம் ஆண்டு முதல் இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இச்சோதனைகளுக்கு ஒரு வடமும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். நம் தோட்ட வீடுகளில் உள்ள ரவுட்டருக்கும் இதே முறை பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைத் தாளில் குறித்துவைப்போம். குறை எங்கே என்று தெளிந்த பின்னரே பணப்பையைத் திறப்போம்.