நீல விளக்கும் முகமூடி விளக்கும்

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, பெரியாஸ்பத்திரியின் பிரசவ விடுதிப் பக்கம் போய்வந்த எவருக்கும் அந்த நீல விளக்கைத் தெரிந்திருக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குழந்தையின் உடம்பில் மஞ்சள் ஏறினால், உடுப்பைக் கழற்றி, கண்ணை மறைத்துக் கட்டி, விளக்கின் கீழ் வளர்த்திவிடுவார்கள். தாய் பக்கத்தில் குந்திக்கொண்டு, பிள்ளை கையைக் காலை ஆட்டிக் கண்கட்டை விலக்கிவிடுமோ என்று பார்த்தபடியே இருப்பாள். குளிசையும் இல்லை, ஊசியும் இல்லை. வெளிச்சம் மட்டும்தான். இரண்டொரு நாளில் மஞ்சள் இறங்கிவிடும்.

அதே மாதிரியான வெளிச்சம் இப்போது முகமூடியாக ஊருக்கு வருகிறது. ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் சொக்லேற்றும் கோடாலித் தைலமும்தான் இருக்கும். இப்போது உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மின்குமிழ் பதித்த எல்ஈடி முகமூடியும் இருக்கிறது. வராதவர்களுக்கு முகநூல் விளம்பரம் இருக்கிறது. கலியாணத்துக்கு நாள் குறித்த வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "சித்தி, இதைப் போட்டா முகம் வெளிக்குமோ?"

வெளிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில நிற வெளிச்சம் நம்மைப் போன்ற மாநிறத் தோலை மேலும் கறுக்கவைக்கவும் கூடும். இனி, வேறு எதற்காவது இது உதவுமா, உதவுமானால் எதைப் பார்த்து வாங்குவது என்று பார்ப்போம்.

ஒளி மருந்தான கதை

தோல் நோய்க்கு ஒளியால் மருத்துவம் செய்வது விளம்பரக்காரர் கண்டுபிடித்ததல்ல. முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்குச் செறிவாக்கிய ஒளியைப் பாய்ச்சிக் குணம் கண்டதற்காக டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் விடுதிகளில் உள்ள நீல விளக்கின் கதை இன்னும் சுவையானது. 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில் வார்ட் என்ற தாதி, காற்றும் வெயிலும் படட்டும் என்று குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிப் போவார். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளிறி, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். இரண்டு வருடத்தில் அதற்கான விளக்கை அங்கேயே செய்தும் விட்டார்கள். ஏறக்குறைய 460 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி, பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது.

அந்த விடுதியில் தாதியர் கவனிப்பது எவற்றை? எந்த நிறம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், கண் மூடியிருக்கிறதா. இவற்றுக்கும் முன்னால், பிள்ளைக்கு வந்திருப்பது என்னவென்று இரத்தத்தைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள். முகமூடியையும் இதே கண்ணோடு பார்த்தால் பாதி ஏமாற்றிலிருந்து தப்பிக்கொள்ளலாம்.

நிறத்தை விட்டு எண்ணைப் பாருங்கள்

ஏழு நிறம் மாறும் முகமூடிகள்தான் மலிவு விற்பனையில் அதிகம். சிவப்பு இளமைக்கு, பச்சை கரும்புள்ளிக்கு, மஞ்சள் சிவந்த தோலுக்கு, ஊதா இன்னொன்றுக்கு என்று பெட்டியில் பட்டியல் போட்டிருப்பார்கள். வீட்டில் பாவிக்கும் கருவிகளில் ஓரளவு ஆராய்ச்சிப் பின்னணி உள்ளவை நீலமும் சிவப்பும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பும்தான். மற்ற நிறங்களைத் திருவிழாச் சோடனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்றிலும் அலைநீளம் முக்கியம். முகப்பருவில் குடியிருக்கும் பக்டீரியா போர்பிரின் என்ற பொருளைச் சேர்த்து வைக்கிறது. 415 நானோமீற்றர் அளவிலான ஊதா கலந்த நீல ஒளியை அந்தப் பொருள் உறிஞ்சும்போது பக்டீரியா அழிகிறது. அலங்கார மின்குமிழின் நீலமோ பெரும்பாலும் 460, 470 அளவில் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் நீலம்தான், பருவுக்கு இரண்டும் ஒன்றல்ல. சிவப்பில் 630 முதல் 660 வரை, அண்மை அகச்சிவப்பில் 810 முதல் 850 வரை என்ற எண்களைத் தேடுங்கள். இவை சற்று ஆழமாக இறங்கி, கலங்களின் சக்திக்கூடமான மைற்றோகொண்ட்ரியாவைத் தூண்டி, கொலாஜன் உருவாக உதவுகின்றன என்பது விளக்கம். பெட்டியிலோ கையேட்டிலோ நானோமீற்றர் எண் எங்குமே இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடலாம்.

எண் இருந்தாலும் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நீலமும் சிவப்பும் சேர்ந்த ஒளியை நாள்தோறும் 12 வாரம் பிடித்தவர்களின் வீங்கிச் சிவந்த பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முகப்பருவுக்கான ஒளிச் சிகிச்சைகளை எல்லாம் தொகுத்து ஆராய்ந்த 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, உறுதியாகப் பரிந்துரைக்கப் போதிய தரமான சான்று இல்லை என்றே முடித்தது. கரும்புள்ளிப் பருவுக்கும், கட்டியாகி ஆழத்தில் வலிக்கும் பருவுக்கும் இந்த வெளிச்சத்தை நம்பி இருக்க வேண்டாம்.

வெளிச்சத்துக்கும் அளவு உண்டு

'200 மின்குமிழ்', '50 வாற்று' என்பவை தோலுக்கு எதையும் சொல்வதில்லை. தோலில் படும் செறிவைத்தான் கேட்க வேண்டும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 30 மில்லிவாற்று தரும் முகமூடியைப் பத்து நிமிடம் போட்டால் சேரும் அளவு 18 யூல். செறிவை நேரத்தால் பெருக்கினால் வரும் சாதாரணக் கணக்குத்தான் இது. செறிவு குறைந்த கருவியை அரை மணித்தியாலம் போட்டாலும் பயன் கிடைக்காமல் போகலாம். பத்து நிமிடத்தில் நல்லதென்றால் ஒரு மணித்தியாலத்தில் ஆறு மடங்கு நல்லது என்றும் எண்ணக்கூடாது. அளவு மிஞ்சினால் பயன் குறையும் என்பது இந்த ஒளிச் சிகிச்சையில் தெரிந்த விஷயம். வாரத்தில் மூன்று முதல் ஐந்து தடவை, இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யப் பொறுமை இல்லாதவர் வாங்கவே வேண்டாம். கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாங்குகிறவருக்கும் அதே பதில்தான்.

மாநிறத் தோலின் கணக்கு வேறு

இந்த முகமூடிகளின் விளம்பர முகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் முகங்கள். நம் தோலில் மெலனின் கூட. கண்ணுக்குத் தெரியும் ஒளியே, அதிலும் நீலமும் ஊதாவும், இந்த மெலனினைத் தூண்டிவிடும். 2014இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 415 நானோமீற்றர் ஒளி பட்ட இடம் கறுத்து, அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நின்றது. 630 நானோமீற்றர் சிவப்பு அப்படிச் செய்யவில்லை. ஆகவே கன்னத்தில் மங்கு உள்ளவர்களும், பரு ஆறிய இடமெல்லாம் கறுத்துப்போகும் தோல்காரரும் நீல ஒளிப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. சிவப்பை எடுத்தாலும் முதலில் காதுக்குக் கீழே சிறிய இடத்தில் குறைந்த நேரம் பிடித்து, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

சூடாகும் முகமூடியும் மங்குக்கு ஆகாது. விறகடுப்பின் முன்னால் தினமும் நிற்கும் பெண்களின் கன்னம் ஏன் கறுக்கிறது என்பதற்கு வெயிலோடு சூடும் ஒரு காரணம். பங்குனி, சித்திரை வெயிலில் வெண்காயம் பிடுங்கவும் கச்சான் ஆயவும் போகிறவர்கள், இரவில் பத்து நிமிடச் சிவப்பு வெளிச்சத்தால் எதை மீட்கப்போகிறார்கள்? அகன்ற தொப்பிக்கும் நீளக்கைச் சட்டைக்கும் ஆகும் செலவு முகமூடியின் விலையில் நூறில் ஒரு பங்கு இருக்குமோ தெரியாது.

கண்ணும் குளிசையும்

2019 ஆடி மாதம் நியூட்ரோஜீனா நிறுவனம் தன் முகப்பரு ஒளி முகமூடியை விற்பனையிலிருந்து மீளப் பெற்றது. சில கண் நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்குக் கண்ணைக் கூசவைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிப்பு வரக்கூடும் என்பதே காரணம். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் விற்பனையான, பேர்போன பொருள் அது. பேரே இல்லாத பொருளை நாம் எவ்வளவு நம்பலாம்? கண்ணை முழுதாக மூடும் மறைப்பு இல்லாத முகமூடியை வாங்காதீர்கள். இமையை மூடிக்கொண்டால் போதும் என்று விற்பவர் சொல்வதையும் ஏற்க வேண்டாம். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அடுத்தது குளிசை. வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். அதே மருந்தைப் பருவுக்கும் எழுதுவதுண்டு. அது தோலை ஒளிக்கு இலகுவில் கருகவைக்கும் மருந்து. பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினொயினும், பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் அந்த வகைதான். குளிசையை நிறுத்திவிட்டு முகமூடி போடுவது முழு முட்டாள்தனம். எலிக்காய்ச்சல் உயிரைக் கொண்டுபோகும், பரு கொண்டுபோகாது. லூப்பஸ் நோயாளருக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது.

அடப்டரும் கூரைச் சூடும்

ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் படித்த தலைமுறைக்கு வெளிச்சத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. கரண்டின் குணத்தை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். கனடாவில் 120 வோல்ற்று, இங்கே 230. அடப்டரின் முதுகில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் சரி, 120 மட்டும் என்றிருந்தால் செருகிய கையோடு புகைதான். லிதியம் மின்கலம் உள்ள முகமூடியைத் தகரக் கூரையின் கீழ் வெக்கையில் போட்டுவைக்காதீர்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது முகத்தில் மாட்டாதீர்கள்.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவச் சாதனங்கள் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் கீழ் வருகின்றன. 'நோயைக் குணமாக்கும்' என்று ஒருவர் விற்றால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். 'எஃப்டிஏ' என்ற முத்திரையை எவரும் பெட்டியில் அச்சடித்துவிடலாம். உண்மையில் அந்த அமெரிக்க அமைப்பு இத்தகைய முகமூடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொடுப்பது, ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றைப் போன்றது என்ற அனுமதியைத்தான். புது மருந்துக்குச் செய்யும் கடும் பரிசோதனை இதில் இல்லை. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

முகத்தில் இருப்பது பருதானா?

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். காடும் வயலும் சூழ்ந்த வன்னியில் முகத்திலோ கையிலோ வலியும் கடியும் இல்லாத ஒரு சிறு கட்டி வந்து, மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணானால் அது பருவாக இராது. மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம். இந்த நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். இன்று அது பல மாவட்டங்களில் உண்டு. கட்டிக்குள் ஊசி போட்டும், திரவ நைதரசனால் உறையவைத்தும் மருத்துவர்கள் அதை ஆற்றுகிறார்கள். சிவப்பு வெளிச்சத்தில் அது ஆறாது, தாமதம் மட்டும் கூடும்.

இன்னொரு கூட்டத்துக்கு முகம் பழுதானதே பூசிய பொருளால். பேரில்லாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசமும் ஸ்டீரொயிட்டும் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் தோலை மெலியவைத்து, நரம்பு தெரியச் சிவக்கவைத்து, விட்டவுடன் பருவாகப் பொங்கவைக்கும். அந்த முகத்தின் மேல் முகமூடி விளக்கையும் மாட்டுவது எரிகிற அடுப்பில் விறகு தள்ளுவது போல.

போர்க்காலத்தில் செல் துண்டு பட்ட வடுவை இது மாற்றுமா என்று கேட்பவர்களும் இங்கே உண்டு. அவர்களுக்குப் பொய் சொல்ல மனம் வராது. பதினைந்து வருடம் தாண்டிய தழும்பை எல்ஈடி வெளிச்சம் அழிக்காது. தடித்து வளரும் கீலொயிட் தழும்பென்றால் ஊசி, சிலிக்கன் தகடு என்று பலன் தரும் வழிகள் உண்டு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு உங்கள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.

எனவே என் முடிவு: மிதமான, சிவந்த பருவோ மெல்லிய சுருக்கமோ உள்ளவர், மருத்துவர் தந்த பூச்சு மருந்தோடு கூடுதல் துணையாக, எண்ணும் அளவும் கண்மறைப்பும் சரியாக உள்ள சிவப்புக் கருவியை உறவினர் அன்பளிப்பாகத் தந்தால் பாவிக்கலாம். கடன்பட்டு வாங்க இதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வெளிறிய அல்லது சிவந்த படை இருந்தால் பஞ்சால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியவில்லையென்றால் தேமல் என்று விட்டுவிடாதீர்கள், அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கையில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. மருந்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், அரச வைத்தியசாலையில் ஒரு சதமும் இல்லாமல் கிடைக்கும். நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.