ஏலமலையில் துப்பாக்கி உரிமமும் உடைமையாளர் பொறுப்பும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், அதற்கு மேற்கே போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் விரியும் ஏலத்தோட்டச் சரிவுகளிலும், பயிர்க் காவலுக்காகவும் தற்காப்புக்காகவும் தனியார் துப்பாக்கி வைத்திருக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. உரிமம் பெற்ற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஒரு பக்கம். உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் மறு பக்கம். இக்கட்டுரை இத்துப்பாக்கிகளை வைத்திருப்பவருக்குச் சட்டம் விதிக்கும் பொறுப்பையும், அப்பொறுப்பை மலையும் ஊரும் பார்க்கும் விதத்தையும் விளக்குகிறது.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் ஆயுதம் தாங்கும் உரிமையைச் சேர்க்கக் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயுதச் சட்டம், 1959-இன்படி துப்பாக்கி என்பது அரசு கொடுக்கும், அரசே திரும்பப் பெறக்கூடிய ஓர் அனுமதி. "என் காசு, என் துப்பாக்கி" என்ற பேச்சுக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை.

வரலாறு

போடிநாயக்கனூர் ஒரு பாளையம். பாளையக்காரர்களிடம் படையும் துப்பாக்கியும் இருந்தன. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்தபின் சென்னை அரசு தென்பகுதிப் பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. கோட்டைகள் பல இடிக்கப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைக்கக் கூடாது என்றது. ஐரோப்பியருக்கு அதில் விலக்கு இருந்தது. ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கி என்பது மிகச் சிலருக்கே கிடைக்கும் மதிப்பாயிற்று. வீட்டுச் சுவரில் மாட்டிய துப்பாக்கியைக் கௌரவச் சின்னமாகப் பார்க்கும் மனநிலை அந்தக் காலத்தின் மிச்சம் என்றே சொல்ல வேண்டும்.

மலையின் மேல்பகுதியில் வேறொரு மரபு உருவானது. மூணாறு பகுதித் தேயிலைத் தோட்டத் துரைமார் உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். யார், எங்கே, எதைச் சுடலாம் என்று சங்கமே வரையறுத்தது; முதுவர்கள் காவலர்களாக அமர்த்தப்பட்டனர். தாங்கள் சுடுவதற்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்பதே முதல் நோக்கம் என்றாலும், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்ட அரிய எடுத்துக்காட்டு இது. அவர்களின் வேட்டைக்காடாக இருந்த இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. வரையாடு இன்றும் அங்கே மேய்கிறது.

ஏலத்தோட்டத்தில் துப்பாக்கி ஏன் கூடுதல் ஆபத்து

ஏலச்செடி ஆளுயரத்துக்கும் மேல் வளரும். ஆனால் காய்க்கும் சரம் செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும். காய் எடுப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், தூருக்கருகே குனிந்தோ குந்தியோ வேலை செய்வார்கள். பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரிவது இலை அசைவு மட்டுமே. காட்டுப்பன்றி தூரைக் கிளறும்போதும் இலை அப்படித்தான் அசையும். மேலே நிழல்மரங்கள், மழைக்காலத்தில் பகலிலும் இறங்கும் மூடுபனி, கீழே செங்குத்துச் சரிவு. குறி தவறிய ரவை எங்கே போய் நிற்கும் என்று சுட்டவருக்கே தெரியாது. சரிவில் கீழே இன்னொரு தோட்டம், ஒரு லயம், ஒரு ஜீப் பாதை இருக்கலாம்.

போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகும் தொழிலாளிகளுக்குத் தோட்டத்தில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, அது எப்போது எடுக்கப்படுகிறது என்பது உயிர் சார்ந்த செய்தி. அதை அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று உரிம நிபந்தனை எதுவும் வற்புறுத்துவதில்லை. இது ஒரு குறை.

"அசைந்ததைச் சுடாதே, கண்டதைச் சுடு" என்பதே எந்நாட்டிலும் துப்பாக்கிப் பயிற்சியின் முதல் பாடம். இருட்டிலும் பனியிலும் அது மறக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2022-இல் மூணாறு அருகே நடந்த நிகழ்வு சான்று. வேட்டைக்குப் போன கூட்டத்தில் இருந்த பழங்குடி இளைஞர் ஒருவர் உடன் வந்தவர்களின் குண்டுபட்டு இறந்தார். அவர்கள் உடலைக் காட்டிலேயே புதைத்துவிட்டனர். கள்ளத் துப்பாக்கியின் இரண்டாவது கேடு இதுதான்: விபத்து நேர்ந்தால் ஆம்புலன்சைக் கூப்பிடக்கூட அதை வைத்திருப்பவருக்குத் துணிவு வராது.

சட்டம் கேட்பவை

21 வயது நிரம்பியவரே விண்ணப்பிக்கலாம். காவல்துறை அறிக்கை பெற்று மாவட்ட ஆட்சியர் முடிவெடுப்பார். ஆயுத விதிகள், 2016 இரண்டு புதிய கடமைகளைச் சேர்த்தன. ஒன்று, துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி. மற்றொன்று, அதைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதற்கான உறுதிமொழி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டியது. அதே திருத்தம் கல்யாணம், திருவிழாக்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. உரிமம் இல்லாத துப்பாக்கிக்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, கூடியது 5 ஆண்டு.

ஏலமலையில் அடிக்கடி மீறப்படக்கூடிய விதிகள் வேறு இரண்டு.

முதலாவது, துப்பாக்கியைக் கைமாற்றுவது. முதலாளி பெயரில் உரிமம், ஆனால் இரவில் காவல் காப்பது காவலாள். உரிமத்தில் பெயர் சேர்க்கப்படாத காவலாளிடம் துப்பாக்கியையும் தோட்டாவையும் கொடுத்துவிட்டு முதலாளி போடியில் தூங்குவது குற்றம். உரிமதாரர் உடனிருக்கும்போதோ, அவர் எழுத்துமூலம் அனுமதி தந்தோ, பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்துவதற்காக எடுத்துச் செல்ல மட்டுமே பிறருக்கு விலக்கு உண்டு. ஏதேனும் நேர்ந்தால் வழக்கு இருவர் மேலும் வரும். ஆனால் வக்கீல் வைக்க வசதியில்லாதவர் காவலாள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மாநில எல்லை. போடியில் வீடு, பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ தோட்டம் என்பது இங்கே சாதாரணம். உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்பு குறிப்பிடப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் தரப்பட்ட உரிமத்துடன் போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால், அந்த நொடியிலிருந்து அது உரிமமற்ற துப்பாக்கி. ஜீப்பின் இருக்கைக்கடியில் இருந்தாலும் அப்படித்தான்.

இவை தவிர, தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கக் கேட்கப்படுவர். துப்பாக்கி தொலைந்தால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

எதைச் சுடலாம்?

உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான். விலங்கைச் சுட அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது மிகப் பரவலான தவறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பட்டியலிட்ட விலங்கைக் கொல்லத் தனி அனுமதி வேண்டும். ஏலத்தோட்டத்தில் இளங்குருத்தைப் பிய்த்துத் தின்னும் நாட்டுக்குரங்கு 2022 திருத்தத்துக்குப் பின் முதல் அட்டவணையில், யானையோடும் புலியோடும் ஒரே வரிசையில், இருக்கிறது. உரிமம் தேவைப்படாத ஏர்கன்னால் அதைச் சுட்டாலும் குற்றம் குற்றமே.

காட்டுப்பன்றி விஷயத்தில் மலையின் இரு பக்கமும் இரு நடைமுறை. கேரளம் 2022 மே மாதத்தில், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. சுடுபவர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்ட உரிமதாரர்கள். தமிழ்நாடு 2025 ஜனவரியில் அறிவித்த முறையில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் போடிச் சரிவுக்காரருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அவர்கள் கோபம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அந்தக் கோபம் கள்ளத் துப்பாக்கியாகவோ, பன்றியின் வாய் சிதறும் அவுட்டுக்காயாகவோ மாறும்போது அடுத்து அடிபடுவது மாடாகவோ மனிதராகவோ இருக்கலாம். பால்ரஸ் குண்டு யானையைக் கொல்லாது. தோலுக்குள் தங்கிப் புண்ணாகி, அதை இன்னும் மூர்க்கமாக்கும்.

ஏலக்காய்த் திருடனைச் சுடலாமா என்ற கேள்வியும் விலை ஏறும் ஆண்டுகளில் எழும். வெறும் திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. கொள்ளை, இரவில் வீடு புகுதல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் உள்ள நிலை ஆகியவற்றில் மட்டுமே தற்காப்புரிமை அதுவரை நீளும். சரத்தை உருவிக்கொண்டு ஓடுபவரின் முதுகில் சுட்டால் அது தற்காப்பாகாது. கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு.

குடகுடன் ஓர் ஒப்பீடு

மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே, குடகில், குடவருக்கும் ஜம்மா நிலம் உடையவருக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உள்ளது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. கைல்போதுத் திருநாளில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூவைத்துப் பூசை செய்கிறார்கள். ஊரறிய வெளியில் வைக்கப்படும் துப்பாக்கி அது. ஏலமலையின் நாட்டுத் துப்பாக்கி வைக்கோலுக்குள்ளும் பாறை இடுக்கிலும் ஒளிந்து கிடப்பது. யாரும் பார்க்காததால் யாரும் துடைப்பதில்லை. துருவேறிய குழலில் கரிமருந்தைக் கெட்டித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் போகின்றன.

தாத்தாவின் துப்பாக்கி

பழைய உரிமதாரர்கள் முதுமை எய்திவரும் நிலையில், பிள்ளைகள் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் வீடுகளில் இதுவே இன்றைய சிக்கல். உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு விரும்பினால் தன் பெயரில் உரிமம் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே, 70 வயது நிறைந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசை முன்மொழியவும் 2016 விதிகள் இடம் தருகின்றன. உரிமமே இல்லாத துப்பாக்கி பரணில் கிடைத்தால் அதை ஆற்றில் எறிவதோ உறவினருக்குக் கொடுப்பதோ கூடாது. கல்வராயன் மலை, கொல்லிமலை போன்ற இடங்களில் காவல்துறை அவ்வப்போது நாள் குறித்து, தாமாக ஒப்படைப்பவர் மேல் வழக்கு இல்லை என்று அறிவித்துத் துப்பாக்கிகளைப் பெற்றிருக்கிறது. அத்தகைய அறிவிப்பு இல்லாத நேரத்தில், துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறாமல், ஒரு வக்கீல் மூலமோ கிராம நிர்வாக அலுவலர் மூலமோ காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்களே வந்து எடுத்துப்போகச் செய்வது நல்லது. அதுவரை குழலுக்குள் மருந்து இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு யாரும் அதைத் தொடாமல் இருக்க வேண்டும்.