டர்போ கார் 'மிஸ்ஸிங்' அடிக்குதா? பாகத்தை மாற்றும் முன் இதைப் படிங்க!

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில், புடவைக் கரையில் ஒரு பூ பிசகி விழுந்தால் யாரும் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. எந்த இழை அறுந்தது, ஜக்கார்டில் எந்த அட்டை தப்பியது என்று துணியிலிருந்து பின்னோக்கித் தேடுவார்கள். ஆனால், வாசலில் நிற்கும் கார் பிசகினால் மட்டும் நாம் அந்தப் பொறுமையை மறந்துவிடுகிறோம்.

இப்படி ஒரு காரை வைத்துக்கொள்வோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ பெட்ரோல் கார். வீட்டுப் பிள்ளை ஆசைப்பட்டு, இன்ஜினின் மூளையான ஈ.சி.யூ-வை 'ரீமேப்' செய்திருக்கிறார். ஏர் ஃபில்டரும் சைலன்ஸரும்கூட புதுசு. ஊருக்குள் வண்டி பறக்கிறது. ஒருநாள் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வண்டி குலுங்குகிறது, பிக்கப் விழுகிறது, டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறது. எதிரே பஸ் வருகிறது!

மெக்கானிக்குகள் இதைத்தான் 'மிஸ்ஸிங்' என்கிறார்கள். உயிரோடு விளையாடும் கோளாறு இது. அதோடு, தப்பாகக் கணித்தால் பர்ஸையும் காலி செய்துவிடும்.

மிஸ்ஃபயர் என்றால் என்ன?

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து, ஸ்பார்க் பிளக்கின் பொறி பட்டு எரிந்தால்தான் வண்டிக்குச் சக்தி. நான்கு சிலிண்டர் கார், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒரு விநாடிக்கு 100 முறை இப்படி எரிய வேண்டும். மூன்று சிலிண்டர் என்றால் 75 முறை. இதில் சில முறை எரியாமல் தப்பினாலே குலுக்கல் தெரியும்.

ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு உந்து வாங்கும். அந்த உந்து குறைந்தால், சுற்றும் வேகத்தில் ஏற்படும் மிகச் சிறிய தடுமாற்றத்தை சென்சார் கண்டுபிடித்து ஈ.சி.யூ-வுக்குச் சொல்லிவிடும். உடனே விளக்கு எரியும்.

டர்போவில் மட்டும் என்ன ஸ்பெஷல்?

1905-ல் சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி காப்புரிமை பெற்ற யோசனைதான் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதனால் கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிப்பது. காற்று அதிகம், பெட்ரோல் அதிகம், சக்தியும் அதிகம்.

சிக்கலும் அங்கேதான். அழுத்தமான காற்றில் பொறி பாய்வது கடினம்; அதற்கு அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், பலவீனமான இக்னிஷன் காயிலும் மெதுவாக ஓட்டும்போது சமாளித்துவிடும். டர்போ முழு அழுத்தம் கொடுக்கும்போது கைவிட்டுவிடும். ரீமேப் செய்து அழுத்தத்தை இன்னும் கூட்டினால் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி, லாரியை முந்தும்போது மட்டும் தடுமாறுவது இதனால்தான்.

விளக்கு சிமிட்டினால்...

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், சீக்கிரம் வண்டியைக் காட்டுங்கள். சிமிட்டினால், உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

வரிசையாகத் தேடுவது எப்படி?

1. ஸ்கேனர் போடுங்கள்: பி0300 என்று வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கோடு, கோளாறு எந்த சிலிண்டரில் என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகத்தில் என்று சொல்லாது.

2. எப்போது வருகிறது என்று குறித்துவையுங்கள்: அழுத்தி ஓட்டும்போது மட்டும் என்றால் பிளக், காயில், பெட்ரோல் சப்ளை மீது சந்தேகம். சும்மா நிற்கும்போது என்றால் காற்றுக் கசிவு, இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

3. இடம் மாற்றிப் பாருங்கள்: இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறவில்லை என்றால் அடுத்து பிளக்கை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது தவறு என்று தெரியாமலே போய்விடும். இன்ஜினை அணைத்து, ஆறவைத்த பிறகே கைவையுங்கள். ஓடும் இன்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்ப்பது ஷாக் அடிக்கும் ஆபத்து.

4. பிளக்கின் நிறத்தைப் பாருங்கள்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தால் அதிகச் சூடு அல்லது பெட்ரோல் பற்றாக்குறை. எண்ணெய்ப் பசை இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. பிளக் இடைவெளி எவ்வளவு என்பதை வண்டியின் மேனுவலில் பார்த்து வையுங்கள். கண் அளவு வேண்டாம்.

5. காற்று, பெட்ரோல், கம்ப்ரஷன்: டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக வரும் குழாய்களில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் காற்று கசியும். புகை செலுத்திச் சோதித்தால் கசியும் இடம் கண்ணுக்கே தெரியும். அடுத்தது பெட்ரோல் அழுத்தம், இன்ஜெக்டர். கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட். வால்வு, பிஸ்டன் ரிங் பழுதை அது காட்டிக்கொடுக்கும்.

ரீமேப் செய்த வண்டியா?

ஜக்கார்டு அட்டையில் உள்ள துளைகள், எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்கின்றன. ஈ.சி.யூ-வில் இருக்கும் 'மேப்'பும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்று சொல்லும் எண்களின் அட்டவணை அது.

அட்டையே தப்பாகக் குத்தப்பட்டிருந்தால் இழையை மாற்றி என்ன பயன்? அதனால் மாடிஃபை செய்த வண்டியில், கம்பெனி கொடுத்த பழைய மேப்பை மறுபடி ஏற்றி ஓட்டிப் பார்ப்பது முக்கியமான சோதனை. மிஸ்ஸிங் நின்றுவிட்டால், புது மேப் கேட்கும் அழுத்தத்தைப் பிளக்கோ காயிலோ பெட்ரோல் பம்ப்போ தாங்கவில்லை, அல்லது மேப்பே சரியில்லை என்று அர்த்தம். பழைய மேப்பிலும் தொடர்ந்தால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. எனவே ரீமேப் செய்யும் முன்பே ஒரிஜினல் மேப்பின் நகலைக் கேட்டு வாங்கிவைப்பது நல்லது. மெக்கானிக்கிடம் 'எதுவும் பண்ணலை அண்ணே' என்று மறைப்பது, டாக்டரிடம் மாத்திரை சாப்பிட்டதை மறைப்பதற்குச் சமம்.

பெட்ரோலும் முக்கியம். அதிக ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு சாதாரண பெட்ரோல் போட்டால், இன்ஜினில் 'நாக்கிங்' வரும். முற்றினால் பிஸ்டனே சேதமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், விதியை மீறி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. வாரன்டியும் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகலாம்.

வேகம்தான் ஆசை என்றால் அதற்கு இடம் இருக்கிறது. சென்னை போகும் அதே வழியில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்கே உண்டு.

வீட்டில் எல்லோரும் ஏறும் காருக்கு வேகத்தைவிட நம்பிக்கைதான் முக்கியம். லாரியை முந்தும் அந்தச் சில விநாடிகளில், மிதித்தால் வண்டி போக வேண்டும். அவ்வளவுதான்!