கால் சொன்னதும் அவள் சொன்னதும்

இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்துபோய், கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டது உண்டா? முதலில் ‘சுரீர்’ என்று ஒன்று. அது அடங்குவதற்குள் ‘கடுகடு’வென்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறு நரம்பிழைகள் வழியாக வருகின்றன. ‘சுரீர்’ செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடிவரும். ‘கடுகடு’ செய்தி மெல்லிய இழையில், நொடிக்கு 2 மீட்டர்கூடப் போகாமல், நாம் நடக்கிற வேகத்தில் வந்து சேரும். இந்த இரண்டுக்கும் நம் மொழியில் தனித்தனிச் சொல் இருப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் அந்த இழைகளில் வருவது வலி இல்லை. ‘இங்கே ஏதோ ஆகியிருக்கிறது’ என்ற தகவல் மட்டும்தான். அதை வலியாக்கலாமா, எவ்வளவு வலியாக்கலாம் என்று முடிவெடுப்பது மூளை.

1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் ஒரு சம்பவம் வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது, 15 செ.மீ. ஆணி ஒன்று அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி லேசாக அசைந்தாலே துடித்தார். மயக்க மருந்து கொடுத்துத்தான் ஆணியை உருவினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், காலில் ஒரு கீறல்கூட இல்லை! ஆணி விரல்களுக்கு நடுவே புகுந்து போயிருந்தது. அவர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே வலித்தது. கண் பார்த்ததை வைத்து, ‘கால் போச்சு’ என்று மூளை முடிவுகட்டிவிட்டது.

இதை உங்களுக்குச் சொல்லத் தோன்றியது என் அக்கா மகளால். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கோ-கோ விளையாடும்போது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வீக்கம் வற்றியது, தசைநார் ஆறியது. ஆறு மாதம் ஆகியும் வலி மட்டும் போகவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள் மருத்துவர்கள். சுற்றி இருந்தவர்கள், “ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா” என்றார்கள். அவளை மிகவும் நோகடித்த சொல் அதுதான். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, நாள்பட்ட வலியில் பல நேரம் நரம்புகளுக்கு ஆவது அதுதான். ஒருமுறை அடிபட்டு அரண்டுபோன நரம்பு மண்டலம், சின்ன அசைவுக்கும் அபாய மணி அடிக்கப் பழகிவிடுகிறது. புண் ஆறினாலும் மணி ஓய்வதில்லை.

இந்த மணியைக் குறைக்கவும் கூட்டவும் உடம்பில் வழி இருக்கிறது. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-இல் ஒரு கருத்தைச் சொன்னார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கிறது. இடித்த இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும். அதோடு, மேலிருந்து மூளையும் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லும், மூடச் சொல்லும். பயந்திருந்தால் கதவு அகலத் திறக்கும்.

மூளை பயப்படுவதா வேண்டாமா? அங்கேதான் நாம் மனசுக்குள் பேசுகிற பேச்சு வருகிறது.

அக்கா மகளுக்குச் சிகிச்சை தந்த பிசியோதெரபி அக்கா அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, “படி ஏறும்போது மனசுக்குள்ள என்ன சொல்றியோ, அப்படியே எழுது” என்றார். முதல் பக்கத்தை நான் பார்த்தேன். பென்சில் அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.

“ஐயோ, மறுபடியும் வந்துருச்சு.”

“உள்ளே ஏதோ அறுந்திருக்கு.”

“இனிமே கோ-கோ அவ்ளோதான்.”

கனடாவைச் சேர்ந்த மைக்கேல் சல்லிவன் என்ற உளவியலாளர் 1995-இல் இப்படிப்பட்ட எண்ணங்களை அளக்க 13 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். வலியையே திரும்பத் திரும்ப நினைப்பது, அதைப் பூதமாக்குவது, என்னால் ஒன்றும் ஆகாது என்று கைவிடுவது என்று மூன்று வகை. அவளுடைய மூன்று வரியில் மூன்றும் இருந்தன.

அவள் முதலில் செய்தது, அந்த வரிகளை நேர் எதிராக மாற்றிச் சொல்லிப் பார்த்தது. “எனக்கு வலிக்கவே இல்லை.” மூன்றாவது படியில் வலித்தது. நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். பொய்யை மூளை எப்படி நம்பும்? காலிலிருந்து அதற்கு நேராகவே சேதி வருகிறதே! பிறகு வரியைத் திருத்தினாள்: “வலிக்குது. ஆனா தசைநார் ஆறிடுச்சுன்னு டாக்டர் பார்த்துச் சொல்லிட்டாங்க. இது பழைய மணி.” இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வலி உடனே ஓடிவிடவில்லை. ஆனால் நாலாவது படியில் கால் வைத்தாள்.

அடுத்த சிக்கல், பயிற்சி. தினமும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். “செய்யணும், நாளைக்குப் பார்க்கலாம்” என்றே ஒரு வாரம் போனது. ‘செய்யணும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நான் செய்யணும், நீ செய்யணும், அவங்க செய்யணும். எல்லாருக்கும் ஒரே சொல். ‘செய்வேன்’ என்றால்தான் கடைசியில் ‘ஏன்’ விகுதியாக நானே வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், எப்போது, எங்கே என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டால் நினைத்ததைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று காட்டினார். 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் அப்படித் திட்டம் போட்டவர்கள், போடாதவர்களைவிடச் சீக்கிரம் தங்கள் அன்றாட வேலைகளுக்குத் திரும்பினார்கள்.

அவளும் எழுதினாள்: “சாயங்காலம் பால் குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சதும், வாசல்ல நின்னு பத்து தடவை செய்வேன்.” ஒரே நாளில் ஐம்பது என்று எழுதப் போனவளைப் பிசியோதெரபி அக்காதான் தடுத்தார். ஐம்பது செய்து மூன்று நாள் படுத்துவிட்டால், அரண்ட நரம்பு இன்னும் அரளும்.

போன வாரம் போனில் கூப்பிட்டாள்.

“சித்தி, இன்னிக்கு மாடிப்படி பதினெட்டும் ஏறிட்டேன். பதினாலாவது படியில வலிச்சுது.”

“நீ என்ன சொன்னே?”

“‘சரி, கேட்டுச்சு’ன்னு சொல்லிட்டு, பதினஞ்சாவதுல ஏறினேன்.”